உறை தெறிக்கும் பக்கம்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறுகிறவள் நாலு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது என்று கவுண்டரிலிருந்து செல்லையா அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். எனக்கு வயது இருபத்தொன்பது. என் கணவருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே ஒரு பெண்ணைப் பட்டறையில் உட்கார வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆகவே தலையில் ஒரு நரைமுடிகூட இல்லாமல் ஓய்வு பெறுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.

உங்களுக்காக முப்பத்தொரு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். லென்ஸைத் துடைப்பது, தூசி போகாமல் மூடுவது, எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று போகும். நேற்று படித்துப் பார்த்தால் முப்பது குறிப்புகள் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கையேட்டில் இல்லாத ஒன்று மட்டும் மிச்சம். அதைக் குறிப்பாக எழுதினால் ஒரு வரிதான் வரும், உங்களுக்கும் மறந்துபோகும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் குவைத்துக்கு, இந்த ஃபஹாஹீலுக்கு வந்தது எழுபத்தைந்தில். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்து, ஒரு கருவித் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, கல்யாணமாகி இங்கே வந்து சேர்ந்தேன். நம் பட்டறை அப்போது இப்போதைவிடப் பாதி. எண்ணெய் வயல்களிலிருந்து சர்வே கருவிகள் வரும். படகுக்காரர்களிடமிருந்து பைனாகுலர் வரும். குளிர்காலம் வந்தால் துப்பாக்கிகளின் மேலே பொருத்துகிற தொலைநோக்கிகள் வரும். ஸ்கோப் என்று சொல்வோமே, அதுதான். துப்பாக்கி வராது, அதைக் கடைக்குக் கொண்டுவர அனுமதியில்லை. ஸ்கோப்பை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டு வருவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி என்று வந்தவன் தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உடம்பை வீட்டில் விட்டுவந்த மாதிரி.

முதலாளியை நாங்கள் எல்லோரும் ஹாஜி என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் எங்கள் கஃபீல். இந்த நாட்டில் எங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர். பெண்ணை ரிப்பேர் பெஞ்சில் உட்கார வைக்க அவருக்கு முதலில் மனமில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். அவரோடு நாங்கள் பேசுவது கடைத்தெரு ஹிந்தி, நடுநடுவே அரபி. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

செல்லையா அண்ணனை உங்களுக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் ஊர். சாமானை வாங்கி, துடைத்து, ஜாப் கார்டு எழுதி உள்ளே அனுப்புவது அன்றைக்கும் அவர் வேலைதான். அப்போது அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மணலோடும் கறையோடும் எந்தச் சாமானையும் என் பெஞ்சுக்கு அனுப்பமாட்டார். காற்றடித்து, ஸ்பிரிட் போட்டு, கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி பளபளக்க வைத்துத்தான் அனுப்புவார். "எஞ்சினியரம்மா கையில அழுக்கோட குடுத்தா எனக்கில்ல கேவலம்" என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. சுத்தமான பெஞ்ச் என்றால் எனக்கு உயிர்.

மூன்று மாதத்தில் ஒரு மாதம் போயிருந்தது. அபூ ஃபைசல் என்கிற ஒரு குவைத்துக்காரர் தன் ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை, குரலில் எப்போதும் ஒரு கல்யாணக் களை. ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள் இருக்கும். மேலே இருக்கிற குமிழைத் திருகினால் குண்டு விழும் இடம் மேலே கீழே நகரும். வலது பக்கக் குமிழைத் திருகினால் இடது வலதாக நகரும். அவருடைய ஸ்கோப்பில் வலது குமிழ் நசுங்கி, உள்ளே திருகு இறுகிப் போயிருந்தது. மற்றதெல்லாம் பளபள.

நான் யோசித்தேன். என் வழக்கப்படி காரணங்களை வரிசையாக எழுதினேன். தரையில் விழுந்திருக்கலாம், கார் கதவில் இடித்திருக்கலாம், பிள்ளைகள் எடுத்து விளையாடியிருக்கலாம், ஒட்டகம் மிதித்திருக்கலாம். ஒட்டகத்தைக் கோடு போட்டு அடித்தேன், மிதித்திருந்தால் ஸ்கோப்பே மிஞ்சியிருக்காது. கடைசியில் சரிசெய்து, கார்டில் "காரணம்: கீழே விழுந்தது" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் அதே ஸ்கோப் திரும்பி வந்தது. அதே வலது குமிழ், அதே நசுங்கல். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. மறுபடி சரிசெய்தேன். இந்தத் தடவை கார்டோடு, ஸ்கோப்பைக் கீழே போடாமல் இருக்க ஏழு வழிகள் என்று ஒரு தாளில் அழகாக எழுதி இணைத்தேன். ஐந்தாவது வழி, "சாப்பிட்ட கையோடு தொட வேண்டாம்."

அபூ ஃபைசல் அந்தத் தாளை நேராக ஹாஜியின் மேஜையில் கொண்டுபோய்ப் போட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நான் கீழே போடுறேனாம்! ஹாஜி, எனக்கு ஒன்பது பிள்ளைங்க. ஒன்பதையும் ஆளுக்கொரு தடவையாவது கீழே போட்டிருக்கேன். இதை ஒருநாளும் போட்டதில்லை!"

அவர் போனபிறகு ஹாஜி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம்.

"சுசீலா, கோர்ஃபக்கான்லேருந்து பஸ்ரா வரைக்கும் படகு விட்ட குடும்பம் எங்களோடது. வாடிக்கைக்காரனுக்குச் சாப்பிட்டா கை கழுவுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் குடுத்ததில்லை. இது மூணாவது தடவை ரிப்பேருக்கு வந்துச்சுன்னா கலாஸ், அதோட முடிஞ்சுது. பெஞ்சுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ கவுண்டர்ல உக்காந்து கார்டு எழுது. உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு."

அழகான கையெழுத்துக்காக அன்றைக்கு வருத்தப்பட்ட மாதிரி என்றைக்கும் நான் வருத்தப்பட்டதில்லை. கவுண்டர் வேலை கேவலமில்லை. செல்லையா அண்ணனுக்கு அதில் ராஜாவின் மிடுக்கு. ஆனால் நான் படித்தது பெஞ்சுக்காக. இந்தக் கடற்கரை முழுவதும் தேடினாலும் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெஞ்ச் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அபூ ஃபைசல் போகிற வழியில் கவுண்டரில் நின்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வெள்ளிக்கிழமை சுடுற இடத்துக்கு வாங்க மேடம். குடும்பத்தோட வாங்க. எவன் கீழே போடுறான்னு நீங்களே பாருங்க. மத்தியானம் மஜ்பூஸ் சாப்பாடு."

கறிச்சோற்றுச் சாப்பாடு என்றதும் செல்லையா அண்ணனும் கிளம்பிவிட்டார். என் கணவரும் நானும் அவரும் பட்டறையின் பிக்கப்பில் பாலைவனத்துக்குள் போனோம். குளிர்காலக் காலை. கூடாரங்கள், தேநீர்க் கெண்டிகள், கம்பளம், ஓடியாடும் பிள்ளைகள். தூரத்தில் மணல் மேட்டை ஒட்டிக் காகித இலக்குகள். அபூ ஃபைசல் ஒரு மேஜையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தார்.

செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு போகும். அடுத்த குண்டைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். அப்படி ஏற்றிக்கொள்ள, சுட்டுமுடித்த காலிப் பித்தளை உறையை வெளியே எறிய வேண்டும் இல்லையா? எறிந்தது! டப் என்று சத்தம், டிங் என்று பதில். அந்த டிங் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். வலது பக்கத் திறப்பிலிருந்து கிளம்பிய உறை, மேலே இருக்கிற ஸ்கோப்பின் வலது குமிழில் நெற்றி மோதி, துள்ளி மணலில் விழுந்தது. டப் டிங். டப் டிங். டப் டிங். ஒவ்வொரு டிங்கும் என் கார்டின் மேல் விழுந்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கறுப்புக் குமிழ் முழுக்க மஞ்சள் மஞ்சளாய்ப் பித்தளைத் தீற்றல்கள். குழந்தை கிரேயானால் கிறுக்கினதுபோல. குருடனுக்கும் காரணம் புரிந்திருக்கும்.

"அண்ணா, இந்த மஞ்சள் எங்கீங்க போச்சு? ரெண்டு தடவையும் எங்கிட்ட வரும்போது இது இல்லவே இல்லைங்களே?"

செல்லையா அண்ணன் குனிந்து பார்த்தார். முகத்தில் பெருமை பொங்கியது. "இந்தக் கறையா? அதை எடுக்கத்தான்த்தா நான் பட்ட பாடு! ரெண்டு தடவையும் அரை மணி நேரம் தேய்ச்சேன். துளிகூட விட்டுவைக்கலையே!"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. என் கணவர் வெயில் தாக்கிவிட்டதோ என்று தண்ணீர் எடுக்க ஓடினார். காரணம் முழுசும் அந்தக் கறையில் எழுதியிருந்தது. எங்கள் பட்டறை அதை அரை மணி நேரம் உழைத்து அழித்துவிட்டு, மீதியை என்னிடம் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறது. நானும் கூச்சமில்லாமல் பதில் எழுதியிருக்கிறேன், ஏழு வழிகளோடு.

அபூ ஃபைசலிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டித் தள்ளிவிட்டார். "மாஃபி முஷ்கிலா, ஒண்ணும் பிரச்சினை இல்லை. அஞ்சாவது வழி என் பிள்ளைங்களுக்கு நல்லதுதான், வீட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கேன்."

அவர் விஷயம் வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை போட்டி. இரண்டு வருஷமாகப் போட்டியில் அவர்தான் கடைசி. பாதியிலேயே குமிழ் அடிவாங்கி, குறி எங்கோ போய்விடும். அவருடைய மைத்துனர் அடுத்த மேஜையில் சுடுவார், அதைப் பற்றி அடுத்த போட்டி வரைக்கும் பேசுவார். ஒரு வாரத்துக்குள் அந்தக் குமிழுக்கு ஒரு கவசம் வேண்டும். அவருக்கும் வேண்டும், எனக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

ரிப்பேருக்கு இல்லை, கவசம் போட மட்டும் என்று சொல்லி ஸ்கோப்பை வாங்கி வந்தேன். அந்த வாரம் நான் இருந்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! தாளில் ஒன்பது முறைகள் எழுதினேன். தோல் உறை, தகரத் தடுப்பு, பிளாஸ்திரி, துணிச் சுருள் என்று போய், ஒன்பதாவதாக லாரி டியூப் ரப்பர். ரப்பரே ஜெயித்தது. தடிமனாக வெட்டி, குமிழைச் சுற்றி வளையமாகப் போட்டு ஒட்டினேன். பிறகு பரிசோதனை. ஸ்கோப்பைக் கிடுக்கியில் மாட்டி வைத்தேன். அபூ ஃபைசல் ஒரு பை நிறையக் காலி உறைகள் கொடுத்திருந்தார். செல்லையா அண்ணன் நாலடி தள்ளி நின்று ஒவ்வொன்றாக எறிந்தார்.

"இந்தா வாங்கிக்க! ஊர்ல மாங்கா அடிச்ச கைத்தா இது!"

நாற்பத்துமூன்று உறைகள் எறிந்தார். நாற்பத்தொன்று ரப்பரில் பட்டுத் துள்ளி ஓடின. ஒன்று ஹாஜியின் அறைக் கதவில் பட்டது, ஒன்று இன்றைக்கும் கிடைக்கவில்லை. குமிழில் ஒரு கீறல் இல்லை. கார்டில் "முழு வெற்றி" என்று எழுதினேன்.

போட்டி நாள். ஹாஜியும் வந்திருந்தார். அவருக்குத் துப்பாக்கியில் ஆர்வம் கிடையாது. ஸ்கோப் மூன்றாவது தடவை ரிப்பேருக்கு வருமா வராதா என்று நேரிலேயே பார்த்துவிட வந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அபூ ஃபைசலின் முறைக்கு இன்னும் நாற்பது நிமிஷம். பழகிப் பார்க்க ஓரமாய் ஒரு மேஜை இருந்தது. என் கணவரும் நானும் பின்னால் நின்றோம். செல்லையா அண்ணன் உறை தெறிக்கிறதை ஆசைதீரப் பார்க்க வேண்டுமென்று வலது பக்கமாகப் போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டப். டிங் இல்லை! நான் கைதட்டிவிட்டேன். டப். டிங் இல்லை. மூன்றாவது, டப், பிறகு ஒரு கரகரப்பு. துப்பாக்கி நின்றுவிட்டது.

அபூ ஃபைசல் குனிந்து பார்த்தார். ரப்பரில் மோதிய உறை வந்த வழியே துள்ளி, திறந்திருந்த வாய்க்குள் திரும்பிப் போய்விட்டது. துப்பாக்கி அதைக் கடித்துக்கொண்டு நின்றது. அதை எடுத்துப்போட்டுவிட்டு மறுபடி சுட்டார். இரண்டு போனது, மூன்றாவது மறுபடி கடித்துக்கொண்டது. அடுத்த மேஜையில் மைத்துனரின் சிரிப்புக் கேட்டது.

"மேடம்," என்றார் அபூ ஃபைசல், மிகவும் மரியாதையாக, "முன்னாடி பாதி வரைக்குமாவது சுட்டேன்."

பட்டறையில் நாற்பத்துமூன்று உறைகள் எறிந்தோமே, அவை எங்கே அடிக்கின்றன என்று பார்த்தேன். அடித்தபிறகு எங்கே போகின்றன என்று பார்த்தேனா? ரப்பரை எடுத்தால் குமிழ் நசுங்கும், ஸ்கோப் மூன்றாவது தடவை ரிப்பேருக்கு வரும், நான் கவுண்டருக்குப் போவேன். எடுக்காவிட்டால் துப்பாக்கியே சுடாது. மீதி எட்டு முறைகளையும் மனதுக்குள் ஓட்டினேன். தோலும் துள்ளும், தகரம் இன்னும் நன்றாகத் துள்ளும். துணி துள்ளாது, ஆனால் குமிழ் நசுங்குவதைத் தடுக்கவும் செய்யாது. ஹாஜி கூடார வாசலில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை சுடுங்க, பார்க்கிறேன்," என்றேன்.

டப். உறை ரப்பரில் மோதி, இந்தத் தடவை வாய்க்குள் போகாமல் வலது பக்கம் உயரப் பறந்து, நேராகச் செல்லையா அண்ணனின் சட்டைக் காலருக்குள் போய் இறங்கியது. சுட்ட உறை நெருப்பாகக் கொதிக்கும். அவர் சம்மணம் போட்டபடியே ஓரடி எழும்பினார். பிறகு ஓர் ஆட்டம். சட்டையை உதறி, முதுகை வளைத்து, இடுப்பைத் திருகி, "ஆத்தாடி! ஆத்தாடி!" என்று அந்தப் பாலைவனமே அதிர ஆடினார். குவைத்திப் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்று கைதட்டின. கடைசியில் உறை வேட்டி வழியாக விழுந்தது. அண்ணன் மூச்சு வாங்கியபடி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, அங்க போயிட்டீங்க?"

"அடி விழுகுற பக்கம் எதுக்குத்தா உக்காரணும்? இந்தப் பக்கம் சும்மாத்தானே கெடக்கு."

நான் அவரைப் பார்த்தேன். ஸ்கோப்பைப் பார்த்தேன். என் ஒன்பது முறைகளும் குமிழை எதால் மூடுவது என்பதைப் பற்றி மட்டுமே இருந்தன. குமிழ் எதற்காக அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. ஸ்கோப் ஓர் உருண்டைக் குழாய். இரண்டு வளையங்கள் அதைப் பிடித்திருக்கின்றன. வளையத்தைத் தளர்த்தி, குழாயை இடது பக்கமாகக் கால் சுற்றுச் சுற்றினால் வலது குமிழ் மேலே வந்துவிடும், மேல் குமிழ் இடது பக்கம் போய்விடும். வலது பக்கம் மொட்டை! அடிவாங்க அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளே தெரிகிற குறுக்குக் கோடு நாலு பக்கமும் ஒரே மாதிரிதான், சுற்றினாலும் குறுக்குக் கோடுதான்.

சொன்னேன். அபூ ஃபைசலின் மீசை இறங்கிவிட்டது. "கழற்றினா குறி போயிடுமே! இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

ஹாஜி மெதுவாக நடந்து வந்தார். "சுசீலா, நிச்சயமாத் தெரியுமா?"

அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் ஆசை முழுவதும் அப்படித்தான் சொல்லச் சொன்னது. ஆனால் போன தடவை "முழு வெற்றி" என்று எழுதிய கைதானே இது? "மூணு விஷயம் ஹாஜி. குமிழ்ல உறை படாது, இது நிச்சயம். துப்பாக்கி கடிச்சுக்காது, இதுவும் கிட்டத்தட்ட நிச்சயம். அரை மணிக்குள்ள குறி சரியாகுமான்னு எனக்குத் தெரியாது. ஆகலைன்னா இவர் இன்னிக்கும் கடைசிதான்."

ஹாஜி அபூ ஃபைசலைப் பார்த்தார். அபூ ஃபைசல் மைத்துனரைப் பார்த்தார். "கடைசி எனக்குப் பழகின எடம்தான்," என்றார். "யல்லா!"

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. முதலில் துப்பாக்கி காலி என்று அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். என் கைப்பையில் எப்போதும் மூன்று திருப்புளி, ஒரு சின்ன ரசமட்டம், பிளாஸ்திரிச் சுருள், ஒரு துண்டுக் கம்பளித் துணி இருக்கும். லிப்ஸ்டிக் கிடையாதா என்று என் கணவர் கேலி செய்வார். ரப்பரைப் பிய்த்தேன், வளையங்களைத் தளர்த்தினேன், குழாயைச் சுற்றினேன். இப்போது குறுக்குக் கோடு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அது சாய்ந்தால் எல்லாமே சாயும். அதற்குத் தொங்கும் கயிறு ஒன்று வேண்டும்.

முப்பது அடி தள்ளி இருந்த கூடாரக் கம்பத்தில் வெள்ளைக் கயிறு கட்டி, நுனியில் பிக்கப்பின் ஸ்பேனரைத் தொங்கவிட்டோம். காற்றில் கயிறு ஊஞ்சலாடியது. சர்வேக்காரர்கள் தூக்குக்குண்டைத் தண்ணீர் வாளியில் முக்குவார்கள், அசையாமல் நிற்கும். வாளி இல்லை.

"டீ இருக்குல்ல?" என்று கத்தினேன்.

என் கணவர் பெரிய கெண்டியின் மூடியைத் திறந்து, கயிற்றின் கீழே மண்டிபோட்டு, இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்தார். ஸ்பேனர் சுடச்சுடச் சுலைமானி டீக்குள் இறங்கியது. கயிறு நின்றது. "சீக்கிரம் சுசீலா, சுடுது!" என்றார். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, ஸ்கோப் வழியாகக் கயிற்றைப் பார்த்து, கோடும் கயிறும் ஒன்றாகும் வரை சுற்றி, திருகுகளை இறுக்கினேன். குழாயின் வலது வயிற்றில் கம்பளித் துணியைப் பிளாஸ்திரியால் ஒட்டினேன். துணி துள்ளாது, அடியை வாங்கிக்கொள்ளும்.

ஒரு சிக்கல் மிச்சம். மேலே வந்துவிட்ட குமிழில் "வலது" என்று பொறித்திருந்தது. இடது பக்கம் போன குமிழில் "மேல்" என்று இருந்தது. போட்டிப் பதற்றத்தில் மனிதர் எழுத்தை நம்பினால் முடிந்தது கதை. இரண்டு குமிழ்களையும் பிளாஸ்திரியால் மூடினேன். என் அரபி எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். பேனாவை ஹாஜியிடம் நீட்டினேன். அவர் ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, நான் சொல்லச் சொல்லச் சின்னச் சின்ன அம்புகளோடு மேலே, கீழே, இடம், வலம் என்று எழுதினார். நல்ல கையெழுத்து.

முதல் குண்டு காகிதத்திலேயே படவில்லை. இரண்டாவதும் படவில்லை. மைத்துனர் சுடுவதை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். மூன்றாவது குண்டு காகிதத்தின் கீழ் மூலையில் பட்டது. நான் எண்ணிச் சொல்ல, அபூ ஃபைசல் குமிழைத் திருக, ஹாஜி பக்கத்தில் நின்று "மேலே! அம்பைப் பாரு, அம்பை!" என்று சத்தம் போட்டார். அந்த அமைதியான மனிதர் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஏழாவது குண்டு நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி விழுந்தது. அதற்குள் அபூ ஃபைசலின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இருபது குண்டுகள். ஒவ்வொரு டப்புக்கும் உறை வெளியே வந்து, ஒன்றிலும் இடிக்காமல், ஒரு தங்க வளையம் போட்டு மணலில் போய் விழுந்தது. துப்பாக்கி ஒரு தடவைகூடக் கடித்துக்கொள்ளவில்லை. இடது பக்கத்திலிருந்து செல்லையா அண்ணன் உரக்க எண்ணிக்கொண்டிருந்தார், தமிழில். பதினைந்தாவதிலிருந்து அந்தப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. "பதினாறு! பதினேழு!"

பதினான்கு பேரில் அபூ ஃபைசல் பதினோராவது. மைத்துனர் பன்னிரண்டாவது. நம்புங்கள், முதலாவதாக வந்தவரை அன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அபூ ஃபைசல் செல்லையா அண்ணனைத் தூக்கிச் சுற்றினார். என் கணவர் சிவந்துபோன உள்ளங்கைகளோடு மஜ்பூஸ் தட்டை ஏந்தி உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அந்தக் கெண்டி டீயையே ஊற்றிக் கொடுத்தார்கள். கொஞ்சம் ஸ்பேனர் வாசம் அடித்தது.

ஆனால் எனக்குப் பெஞ்சா கவுண்டரா என்பது இன்னும் முடிவாகவில்லை. திரும்பும் வழியில் ஹாஜியிடம் கேட்கவும் துணிவில்லை. ஸ்கோப் மூன்றாவது தடவை ரிப்பேருக்கு வரவில்லை, உண்மைதான். ஆனால் ரப்பர் வைத்து ஒரு வாடிக்கைக்காரரைப் போட்டிக்கு அரை மணி முன்னால் கதிகலங்க வைத்தவளும் நான்தானே? அன்று வீட்டில் ஒரு தாளை எடுத்து, என் பக்கம் நியாயங்கள் ஒரு பத்தி, என் தவறுகள் ஒரு பத்தி என்று எழுதினேன். தவறுகள் பக்கம் நீளமாகப் போயிற்று. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். காரணத்தை நானே பார்க்காமல் எழுதினேன். பழுது எங்கே நடந்ததோ அங்கே போகாமல் பட்டறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன். மூடுவது எப்படி என்று ஒன்பது விதமாக யோசித்த மூளை, ஏன் மூட வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னது மட்டும்தான் அன்றைக்கு நான் யாருடைய உதவியும் இல்லாமல் செய்த சரியான காரியம்.

சனிக்கிழமை காலை, கவுண்டருக்குப் போகச் சொன்னால் முகம் மாறக் கூடாது என்று கண்ணாடி முன் இரண்டு தடவை பழகிக்கொண்டு, நல்ல பேனாவாக ஒன்றை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

பட்டறை வாசலில் கார்கள் நின்றன. உள்ளே ஆறு பேர். போட்டியில் சுட்டவர்கள், ஆளுக்கொரு துண்டில் ஆளுக்கொரு ஸ்கோப். அபூ ஃபைசலின் மைத்துனர் வரிசையில் முதலில் நின்றார். தங்களுக்கும் அதே மாதிரி வேண்டுமென்று ஒருவர் மேல் ஒருவர் சத்தம். அவர்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். கவுண்டரில் ஹாஜி உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். செல்லையா அண்ணன் பின்னால் நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். "அந்தக் கட்டத்துல இல்ல ஹாஜி, அது பேருக்கு. ஸ்கோப்பு கீழ் கட்டம்."

என் கையில் பேனா தயாராக இருந்தது. "ஹாஜி," என்றேன், "நான் எங்கே உக்காரட்டும்?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"இங்கே ஒரு நாற்காலிதான் இருக்கு," என்றார். "அதுல நான் உக்கார்ந்திருக்கேன்."